தரகர் சொல்லும் 1790ஐ நம்பலாமா?

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். லண்டன் இஸ்லிங்டனில், ஒரு ஜார்ஜியன் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில், முதல் மாடியை வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள். ‘1790இல் கட்டியது, அசல்’ என்கிறார் வீட்டுத் தரகர். அது உண்மையா என்பது முதல் கேள்வி. தெருப்பக்கம் நின்றால் கண்ணை எடுக்க முடியவில்லை, கொல்லைப்பக்கம் போனால் வேறு யாரோ கட்டிய வீடு போல இருக்கிறது, ஏன் என்பது இரண்டாவது. பக்கச்சுவரில் செங்கல் வைத்து மூடிய ஜன்னல் அந்தக் காலத்து ஜன்னல் வரிக்குப் பயந்து மூடியதா என்பது மூன்றாவது. தரை சாய்ந்திருக்கிறது, முன்சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, பயப்பட வேண்டுமா என்பது நான்காவது. நான்கையும் சேர்த்துப் படித்தால் அடியில் ஒரே சந்தேகம்தான் தெரிகிறது: இவ்வளவு லட்சணமான முகம் வைத்த வீடு உள்ளே இவ்வளவு அலட்சியமாக இருக்குமா, இதில் எது பொய்? இரண்டுமே மெய் என்பதுதான் என் பதில். அந்த முகத்துக்கும் உடம்புக்கும் பொறுப்பாளிகள் வெவ்வேறு ஆட்கள்.

நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டமைப்புப் பொறியாளன். லண்டனில் 23 ஆண்டுகளாகப் பழைய வீடுகளின் சுவரையும் தரையையும் கூரையையும் சோதித்து, பழுதுபார்க்கத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பூச்சை உரித்தால் சுவருக்குள் என்ன இருக்கும் என்பது பார்த்துப் பழகிய விஷயம். வரலாற்றை வேலையோடு வேலையாகப் படித்துக்கொண்டேன். உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களில் ஒன்று மழையில் எடுத்தது. ஆகவே அந்த வகை வீடுகளைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியும். உங்கள் வீட்டைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும்.

நம்மூரில் டெரஸ் என்றால் மொட்டை மாடி. இங்கிலாந்தில் அது, இருபக்கமும் பொதுச்சுவர் வைத்து, தோளோடு தோள் ஒட்டி, ஒரே கோட்டில் நிற்கும் வீட்டு வரிசை. ஜார்ஜியன் என்பது 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலம். அவர்களுக்குப் பின் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியமின் ஆட்சியையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். தரகர்கள் 1840களின் வீட்டையும் கூசாமல் சேர்த்துக்கொள்வார்கள். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. மன்னர் செத்த மறுநாளே கொத்தனாரின் கைப்பழக்கம் மாறிவிடுவதில்லை.

இந்த வீடுகளைப் புரிந்துகொள்ளப் பணத்திலிருந்து தொடங்க வேண்டும். லண்டனைச் சுற்றியிருந்த வயல்களிலும் தோட்டங்களிலும் பெரும்பகுதி பெட்ஃபோர்ட், குரோவ்னர், போர்ட்மன் போன்ற சில பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தை விற்க விரும்பவில்லை. சொந்தப் பணம் போட்டுக் கட்டவும் விரும்பவில்லை. ஆகவே மனை மனையாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். தொடக்கத்தில் குத்தகைக் காலம் குறைவாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டு வளர வளர 99 ஆண்டு என்பது வழக்கமாயிற்று. கட்டுகிறவர் தன் செலவில் வீடு கட்டி, மனைக்கு ஆண்டு வாடகை மட்டும் செலுத்துவார். குத்தகை முடியும் நாளில் மனையும் அதன்மேல் நிற்கும் வீடும் சேர்ந்து நிலக்காரருக்குப் போய்விடும். கட்டி முடிக்கும்வரை, முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, பெயருக்கு மட்டும் ஒரு வாடகை உண்டு: ஒரு மிளகு. கதையாகச் சொல்லவில்லை, பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதினார்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் அதே மிளகு.

அந்த மிளகுக் காலம் முடிவதற்குள் வீட்டை நிறுத்தி, குத்தகை உரிமையை ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட வேண்டும். இல்லையென்றால் உண்மையான வாடகை கழுத்தைப் பிடிக்கும். இப்படி இறங்கியவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள் இல்லை. ஒரு தச்சர், ஒரு கொத்தனார், ஒரு ஈயவேலைக்காரர் என்று ஆளுக்கொரு மனை எடுப்பார்கள். என் வீட்டுக்கு நீ சுவர் எழுப்பு, உன் வீட்டுக்கு நான் கதவு செய்கிறேன் என்று கூலியை வேலையாகவே மாற்றிக்கொள்வார்கள். மீதிக்குக் கடன். பலர் நடுவழியில் திவாலானார்கள். இந்த நெருக்கடியில், 99 ஆண்டு கழித்து இன்னொருவருக்குப் போகப்போகிற வீட்டை 300 ஆண்டு தாங்கும்படி யார் கட்டுவார்? நிலக்காரரின் கணக்கு வேறு. தெரு எடுப்பாக இருந்தால்தான் அடுத்த மனைக்கும் விலை ஏறும். முகப்பின் உயரம், ஜன்னல் வரிசை, எந்தச் செங்கல் என்பதுவரை ஒப்பந்தத்தில் எழுத வைப்பார். கொல்லைப்பக்கம் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இந்த ஏற்பாடு நல்லபடி கூடிவந்ததைப் பார்க்க வேண்டுமென்றால், இஸ்லிங்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் பெட்ஃபோர்ட் சதுக்கம் இருக்கிறது. 1775இல் தொடங்கி 1780களின் தொடக்கத்தில் முடிந்தது. வில்லியம் ஸ்காட், ராபர்ட் குரூஸ் என்ற இரண்டு கட்டுநர்கள் எழுப்பியது. நான்கு பக்கமும் தனித்தனி வீடுகள். ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரே அரண்மனை போல, நடுவில் முக்கோண முகடு வைத்த வெள்ளை வீட்டோடு நிற்கும். வாசல் வளைவுகளைச் சுற்றியிருப்பதைக் கல் என்று நினைப்பீர்கள். அது எலினார் கோட் என்ற பெண்மணி லாம்பெத்தில் நடத்திய பட்டறையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட செயற்கைக் கல். சதுக்கம் முழுவதையும் தாமஸ் லெவர்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1ஆம் எண் வீட்டுக்கு அவரைச் சொல்லலாம். மொத்தச் சதுக்கத்துக்கும் அவர்தானா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடியாத வழக்கு.

பணத்துக்கு அடுத்தது சட்டம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் மரத்தால் கட்டிய லண்டன் எரிந்துபோனது. 1667இல் வந்த சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்றது. தெருவின் அகலத்துக்கு ஏற்ப வீட்டையும் வகைப்படுத்தியது. 1707இல் கூரை விளிம்பில் மரத்தாலான அலங்காரப் பட்டை கூடாது என்றார்கள். அதனால் சுவரையே மேலே தூக்கிக் கைப்பிடிச் சுவராக்கி, கூரையை அதன் பின்னால் ஒளித்தார்கள். 1709இல் ஜன்னல் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள், தீ மரத்திலிருந்து மரத்துக்குத் தாவாமல் இருக்க. 1774இல் வந்த பெரிய கட்டடச் சட்டத்தை ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்தார்கள். அதன் பிறகு ஜன்னல் சட்டத்தின் பெட்டி செங்கல்லுக்குப் பின்னால் மறைந்து, வெளியே மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. தீக்குப் பயந்து போட்ட விதிகள் இவை. அந்த வீடுகளின் முகத்தில் நாம் ரசிக்கிற அடக்கமும் தட்டையும் ஆழ்ந்த ஜன்னல் நிழலும் பாதிக்கு மேல் இந்த விதிகளிலிருந்து வந்தவை என்பது என் கட்சி.

1774ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளை நான்கு தரமாகவும் பிரித்தது. 850 பவுனுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைத்தளப் பரப்பும் இருந்தால் முதல் தரம். 150 முதல் 300 பவுன், 350 முதல் 500 சதுர அடி என்றால் மூன்றாம் தரம். ஒவ்வொன்றுக்கும் சுவர் எவ்வளவு தடிமன் என்று விதி இருந்தது. உங்கள் படத்தில் மாடிக்கு இரண்டு ஜன்னல்தான் தெரிகிறது. நான் மூன்றாம் தரம் என்று பந்தயம் கட்டுவேன். வாங்கப் போகிறவர் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். தரம் என்றால் இங்கே அளவு மட்டுமே.

மூன்றாவதாக வந்தது விகிதக் கணக்கு. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் முறையை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் 1630களில் லண்டனின் கோவென்ட் கார்டனில் இறக்கினார். 1720களில் பர்லிங்டன் பிரபுவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதை மறுபடி நாகரிகமாக்கினார்கள். வீட்டு முகப்பு ஒரு கிரேக்க, ரோமானியத் தூண் போலப் பிரியும்: தரைத்தளம் பீடம், அதன்மேல் இரண்டு மாடிகள் தூண், மேல்விளிம்பு தலைப்பகுதி. தூண்களைச் செதுக்கப் பணம் இல்லாவிட்டாலும் கணக்கு அங்கே இருக்கும். முதல் மாடி விருந்தினர் அமரும் கூடம், ஆகவே அங்கே ஜன்னல் மிக உயரம். அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மேலே போகப் போகக் குறைந்து, கடைசி மாடியில் சதுரமாகிவிடும். நீங்கள் வாங்கப் போவது முதல் மாடி என்பதால் வீட்டின் மிக நல்ல அறை உங்களுக்குத்தான். பெரிய படிப்பில்லாத தச்சர்கள்கூடச் சின்னக் கையேடுகளை வாங்கி இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார்கள். நல்ல கலைஞர் கை வைக்காத தெருக்களும் கண்ணுக்கு உறுத்தாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

முகத்தையும் உடம்பையும் இரண்டு பேர் கட்டினார்கள் என்றேனே, அதன் உச்சத்தை இங்கிலாந்தின் பாத் நகரில் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் மூத்த ஜான் வுட் 1728இல் குவீன் சதுக்கத்தைத் தொடங்கி, வடக்குப் பக்கத்தில் ஏழு வீடுகளை ஒரே அரண்மனை முகப்புக்குப் பின்னால் அடக்கினார். அவர் மகன் இளைய ஜான் வுட் 1767 முதல் 1775 வரை ராயல் கிரசென்ட் என்ற பிறை வடிவ வரிசையைக் கட்டினார். 30 வீடுகள், 114 தூண்கள், ஒரே வளைவு. வுட் வரைந்தது முகப்பை மட்டும்தான். ஒவ்வொருவரும் முகப்பில் தனக்குரிய நீளத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் தன் சொந்தக் கட்டடக் கலைஞரை வைத்து இஷ்டம்போல் கட்டிக்கொண்டார்கள். பின்தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு வீடு உயரம், ஒன்று குட்டை, ஒன்று பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கூரைகள் சண்டை போடும். முதன்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகவே இப்போதும் பாத் போனால் முன்பக்கத்துக்கு முன் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்.

இனி என் தொழில். லண்டன் மஞ்சள் செங்கல்லை உள்ளூர் மண்ணில் சுண்ணப்பாறைத் தூளும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து அறுப்பார்கள். வீடு வீடாகச் சேர்த்த நிலக்கரிச் சாம்பல் அது. ஊரின் குப்பையே ஊரின் சுவராயிற்று. நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதை முகப்பில் பார்ப்பீர்கள். குறுக்கே வைத்த கல் சுவருக்குள் முழு நீளமும் போய், வெளிவரிசையை உள்வரிசையோடு கோத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் முகப்புச் செங்கல்லுக்கு விலை அதிகம். ஆகவே அதை நடுவில் உடைத்து, ஒரு கல்லை இரண்டு குறுக்குக்கல்லாகக் காட்டினார்கள். வெளியே இலக்கணச் சுத்தம். உள்ளே பிடிப்பே இல்லை. அரைச் செங்கல் தடிமனில் ஒரு மெல்லிய தோல், அதன் பின்னால் மட்டமான செங்கல்லும் கண்டபடி கலவையும். எத்தனையோ சுவர்களைத் திறந்திருக்கிறேன். பத்துக் குறுக்குக்கல்லில் இரண்டு உள்ளே போயிருந்தால் அந்தக் கொத்தனாரை மனதுக்குள் கும்பிடுவேன்.

செங்கல் இடுக்குகளிலும் இதே வேலைதான். செங்கல் நிறத்துச் சாந்தால் இடுக்கை நிரப்பிச் சமப்படுத்தி, அதன் நடுவே மயிரிழையாக வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு பதிப்பார்கள். கோணல்மாணலான மட்டக்கல், கோடு போட்டு அறுத்த உயர்ந்த கல் போலத் தோன்றும். பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெரு 10ஆம் எண் வீடும் வரிசை வீடுதான். ஜார்ஜ் மன்னர்களுக்கு முந்தைய 1680களில், லாபம் பார்க்கவே கட்டியது. 1960களின் தொடக்கத்தில் அதைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது, கறுப்பு என்று உலகமே நினைத்த சுவர் உண்மையில் மஞ்சள் என்றும், புகை படிந்து கறுத்தது என்றும் தெரிந்தது. மக்கள் அடையாளம் தெரியாமல் போய்விடுவார்களே என்று சுத்தம் செய்த சுவருக்கு மறுபடி கறுப்புச் சாயம் அடித்தார்கள். அங்கும் செங்கல்லுக்கு இடையே தெரிந்த ஒழுங்கான சாந்துக் கோடுகள் மேலே வரைந்தவை.

இந்தத் தோல் சுவருக்குள் இன்னொரு வினையும் உண்டு. கட்டும்போது சுவர் கோணாமல் இருக்கப் படுக்கைவாட்டில் மரச் சட்டங்களைப் புதைத்தார்கள். இரண்டு நூற்றாண்டு மழைக்கு அவை உளுத்து மாவாகிவிடும். மேலே இருக்கும் பாரம் அந்த வெற்றிடத்தின்மேல் இறங்க, சுவர் வெளியே பிதுங்கும். முன்சுவரைப் பொதுச்சுவரோடு ஒழுங்காகக் கோக்காமல் விட்டதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வீட்டின் வயிறு பெரும்பாலும் இந்த இரண்டின் பிள்ளை. வயிறு இருப்பதே ஆபத்து இல்லை. அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. உள்ளே முன்சுவரும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழாகப் புது வெடிப்பு இருக்கிறதா, தரைப்பலகைக்கும் முன்சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி உண்டா என்று பாருங்கள். முகப்பில் வட்டமாகவோ எக்ஸ் வடிவிலோ இரும்புத் தகடு தெரிந்தால், முன்னால் யாரோ கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது கெட்ட செய்தி இல்லை.

தரைச் சாய்வில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முக்கியம். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மரச் சட்டத்தில் பூசிய தடுப்பு. அதுவும் பாரம் தாங்குகிறது. செங்கல் சுவர் அதிகம் இறங்காது, மரம் சுருங்கி இறங்கும். போதாக்குறைக்கு யாராவது நடுவில் அகலமாகக் கதவு வெட்டியிருப்பார்கள். ஆகவே வீட்டின் நடுவை நோக்கிச் சாய்ந்தால் அது பெரும்பாலும் பழைய சாய்வு. 150 ஆண்டுக்கு முன்பே நின்றிருக்கும். தெருப்பக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்தால் நான் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். சுவருக்குள் போகும் உத்தரங்களின் நுனி ஈரத்தில் உளுத்திருக்கலாம். ஒரு கோலிக்குண்டும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போங்கள். தரகர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஜன்னல் வரி. இந்தக் கதையை எல்லோரும் விரும்புகிறார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் பாதிக்குப் பாதி பொய்த்துப்போகும். வரி இருந்தது உண்மை: 1696இல் வந்தது, 1851இல்தான் போனது. 10க்கு மேல் ஜன்னல் இருந்த வீட்டுக்குக் கூடுதல் வரி என்று தொடங்கி, எண்ணிக்கையும் தொகையும் பலமுறை மாறின. வரிக்குப் பயந்து மக்கள் ஜன்னலை மூடியதும் உண்மை. கண்ணாடிக்குத் தனி வரி இருந்தது, 1784 முதல் செங்கல்லுக்கும் வரி வந்தது. அரசு சுவரையும் விடவில்லை, துளையையும் விடவில்லை. ஆனால் வரிசையின் கோடி வீட்டில் பெரும்பாலும் பக்கச்சுவரில்தான் கணப்படுப்பும் புகைபோக்கியும் இருக்கும். அங்கே ஜன்னல் திறக்கவே முடியாது. வெறும் சுவராக விட்டால் மூளியாகத் தெரியும் என்று, ஜன்னல் அளவுக்குக் குழித்து, மேலே வளைவும் கீழே கல்படியும் வைத்து, கட்டும்போதே செங்கல்லால் நிரப்பிவிடுவார்கள். உங்களுடையதில் உள்ளே அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணப்படுப்பு இருந்தால் அது என்றும் திறந்ததில்லை. அறையின் வெற்றுச் சுவராக இருந்து, அடைத்த செங்கல் சுற்றியிருக்கும் கல்லோடு நிறத்திலோ வரிசையிலோ ஒட்டாமல் இருந்தால் பிறகு அடைத்தது. அப்போதும் வரிக்காகத்தான் என்று சொல்லிவிட முடியாது. அலமாரி வைக்க இடம் வேண்டி அடைத்தவர்களும் உண்டு.

இனி வயது. ஒற்றை அடையாளத்தை வைத்து ஆண்டு சொல்கிறவரை நம்பாதீர்கள். மேலும் கீழும் சறுக்கும் ஜன்னலில் மேல்சட்டத்தின் இரு மூலையிலும் கொம்பு போலக் கீழே நீண்டிருந்தால், அந்த ஜன்னல் பெரிய கண்ணாடி மலிவான 1840களுக்குப் பிந்தியது. ஆனால் ஜன்னலை மாற்றியிருப்பார்கள், வீடு பழையதாக இருக்கும். கண்ணாடிகளுக்கு இடையிலான மரச் சட்டம் தடித்திருந்தால் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, அரை அங்குலமாக மெலிந்திருந்தால் பிற்பகுதி. மாடிப்படிக் கைப்பிடியில் கடைசல் பிடித்த கம்புகள் என்றால் முந்தியது, வெறும் சதுரக் குச்சிகள் என்றால் பிந்தியது. கதவு நிலையில் நீளக் கோடுகள் ஓடி, மூலையில் வட்டப் பூ வைத்திருந்தால் எனக்கு 1800க்குப் பிந்தியது என்று தோன்றும். தரைத்தளம் மட்டும் வெள்ளைப் பூச்சாகவும், ஜன்னல்கள் ஆழமில்லாத வளைவுக் குழிக்குள்ளும் இருந்தாலும் அப்படியே. உங்கள் படத்தில் இந்தக் கடைசி இரண்டும் தெரிகின்றன. ஆகவே 1790 என்பதைவிட 1810, 1820களை நோக்கி என் மனம் சாய்கிறது. ஆனால் முகப்பைப் பிறகு மாற்றி, பழைய உடம்பை அப்படியே விட்டவர்களும் இருக்கிறார்கள்.

தீர்த்துக்கொள்ளச் செலவில்லாத வழி வரைபடம். ரிச்சர்ட் ஹார்வுட் 1792 முதல் 1799 வரை லண்டனை வீடு வீடாக வரைந்து வெளியிட்டார். பிறகு 1807, 1813, 1819இல் திருத்திய பதிப்புகள் வந்தன. உங்கள் தெரு எந்தப் பதிப்பில் வயலாக இருக்கிறது, எதில் வீடாகிறது என்று பார்த்தால் வயது ஒரு பத்தாண்டுக்குள் வந்துவிடும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் இஸ்லிங்டன் அன்று சேர்ந்திருந்த மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பத்திரப் பதிவேடுகளும் வட்டார வரிப் புத்தகங்களும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் போட்டிருக்கும் ஆண்டை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பல பதிவுகள் வெளியே தெருவில் நின்று பார்த்து எழுதியவை.

வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். கீழ்த்தளத்தில் சமையல், உச்சியில் வேலைக்காரர் படுக்கை, நடுவில் எஜமானர்கள். கீழ்த்தளம் பூமிக்குள் தோண்டியது போலத் தெரியும். கொல்லைக்கதவைத் திறந்தால் தோட்டத்து மட்டத்திலேயே கிட்டத்தட்ட இருக்கும். தோண்டிய மண்ணைத் தெருவில் கொட்டித் தெருவையே உயர்த்தினார்கள். நடைபாதைக்கு அடியில் நிலக்கரிக் கிடங்கு; நடைபாதையில் தெரியும் வட்ட இரும்பு மூடி அதன் வாய். இந்தச் சுகத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிஸ்டலில் இன்று ஜார்ஜியன் இல்ல அருங்காட்சியகமாக இருக்கும் வீடு ஜான் பின்னி என்ற சர்க்கரைத் தோட்ட முதலாளிக்குக் கட்டியது. கரீபியக் கடலின் நெவிஸ் தீவில் அடிமைகளாக இருந்தவர்களின் உழைப்பு அது; பெரோ என்ற அடிமையும் அவருடன் அங்கே வாழ்ந்தார். சென்னைக்கு எழுத்தராக வந்து ஆற்காட்டில் பேர் எடுத்த ராபர்ட் கிளைவ் 1774இல் இறந்தது லண்டன் பெர்க்லி சதுக்கம் 45ஆம் எண் வீட்டில். அதுவும் வரிசை வீடுதான்.

அந்த வீடுகளுக்கு வந்த கேடு காலத்துக்கு டப்ளினைத்தான் சொல்ல வேண்டும். ஹென்ரியெட்டா தெரு 1720களில் பிரபுக்களுக்காகத் தொடங்கியது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் 14ஆம் எண் வீட்டில் மட்டும் 100 பேர் குடியிருந்தார்கள். பெரிய கூடங்களைப் பலகையால் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம். இஸ்லிங்டனும் பல பத்தாண்டுகள் அப்படி வாடகை அறைகளாகக் கிடந்து, 1960களுக்குப் பிறகுதான் மறுபடி விலை ஏறியது. உங்கள் தரைச் சாய்வுக்கும் நடுத்தடுப்பில் வெட்டிய கதவுக்கும் அந்த வாடகைக் காலமும் பொறுப்பாக இருக்கலாம்.

வாங்குவதென்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் உள்ளே ஒரு தடுப்பை எடுக்கவும் முன்அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம், அதைச் செய்தது முந்தைய சொந்தக்காரராக இருந்தாலும் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். இரண்டாவது, முன்சுவரும் கூரையும் பொதுச் செலவா, உங்கள் பங்கு எவ்வளவு என்று குத்தகைப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் குத்தகை முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மிளகுகூடப் பல பத்திரங்களில் இன்னும் உண்டு. மூன்றாவது, யாராவது செங்கல் இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும்; ஈரம் செங்கல் வழியாகவே வெளியேற முயன்று, பனிக்காலத்தில் செங்கல்லின் முகம் உரிந்து விழும். நீங்கள் அனுப்பிய மழைப்படத்தில் வாசலுக்கு இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறது. எனக்கு அந்த வயிற்றைவிட அந்தத் திட்டுதான் உறுத்துகிறது. அடுத்த முறை போகும்போது அதைச் சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, கோடுகூட விழாவிட்டால் சிமென்ட். அப்படியே கொல்லைப்பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தால், கூரை இரண்டு பக்கமிருந்தும் நடுவே சரிந்து, தண்ணீரெல்லாம் ஒரே ஈயக் கால்வாயில் வடிகிறது. அந்தக் கால்வாய் ஒழுகினால் நனைவது கீழே இருக்கும் மாடிகள், அதில் உங்கள் முதல் மாடியும் ஒன்று. கடைசியாக அதை எந்த ஆண்டு மாற்றினார்கள் என்று தரகரிடம் கேளுங்கள். 1790ஐ விட அந்த ஆண்டு உங்களுக்கு உபயோகம்.